கரையோரம் ஓடிய சிவப்பு இழை

உன் சேலையை இன்றைக்கு ஒருவன் தப்பு என்று சொல்லிவிட்டான்.

பெட்டியில் கிடந்து கிடந்து பாச்சை உருண்டை வாசம் ஏறிப்போயிருக்கிறதே, ஒரு தடவை அலசிக் கஞ்சி போட்டு வைக்கலாம் என்று நானேதான் சலவைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரன் மேஜைமேல் விரித்துப் போட்டான். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கரையோரம் விரலை வைத்தான். "ஏனுங்கம்மா, சுத்த வெள்ளையில இந்த ஒத்தச் செகப்பு இழை எப்படி ஓடுச்சு? நெசவுத் தப்புங்க. நுனியைப் புடிச்சு மெதுவா உருவுனா வந்துருமுங்க. உருவிடட்டுங்களா?" என்றான்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "வெச்ச கையை எடு" என்று நான் போட்ட சத்தத்தில் துணி கொடுக்க வந்த இரண்டு பேர் ஒதுங்கி நின்றார்கள். சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பல்லுப் போன கிழவிக்கு ஒரு நூலுக்காக இத்தனை ஆங்காரமா என்று அவர்கள் தங்களுக்குள் பேசியிருப்பார்கள்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு என்ன தெரியும்? தெரிந்தவர்களே அன்றைக்கு அதைத்தானே சொன்னார்கள். என் ஆட்களும் சொன்னார்கள். தெரிந்திருந்தால் உன் ஆட்களும் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தும் மனசு ஆறவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? நீதான் இல்லையே. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், டிரெயினிங் முடித்த கையோடு ஜலகண்டாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நான் சூரமங்கலத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. கோவில் மணிக்கு எழுந்து, பாசஞ்சர் ஊதலுக்குப் படுத்துப் பழகியவளை, ஒரு டிரங்குப் பெட்டியும் ஜெபமாலையுமாகக் கொண்டுவந்து உன் வீட்டுப் பின்கட்டு அறையில் குடிவைத்துவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். உனக்கும் என் வயசுதான். ஆனால் அதற்குள் கலியாணம் முடிந்து, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. முன்கட்டில் உன் மாமியார். நடுவில் தறி. தறிக்குழியில் உன் வீட்டுக்காரர். வாயைத் திறந்து பேசினால் நூல் அறுந்துவிடும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தி வைத்த மாதிரி ஒரு மனுஷன்.

முதல் நாள் நீ சோறு போட்டாய். நான் வழக்கம்போலச் சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடி, சாப்பாட்டு ஜெபம் சொன்னேன். கண்ணைத் திறந்தால் நீ முகம் சுண்டிப்போய் நிற்கிறாய்.

"ஏனுங் டீச்சர், சோத்தப் பாத்து என்னமோ மொணமொணங்கறீங்க, உப்புப் பத்தலீங்களா?"

இல்லையம்மா, உணவு கொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன் என்றேன்.

"ஆக்கிப் போட்டது நானு. நன்றி அவருக்குங்களா?" என்றாயே, அன்றைக்குப் புரை ஏறச் சிரித்தது இன்னும் நெஞ்சில் இருக்கிறது. அதற்கப்புறம் ஜெபம் முடித்து உன் பக்கமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன். வெள்ளிக்கிழமை உன் வீட்டிலும் கறி கிடையாது, எனக்கும் ஆகாது. உனக்கு மாரியம்மன் காரணம். எனக்குச் சேசு அன்றைக்குச் சிலுவையில் மரித்தது காரணம். "பாருங், சாமிதான் வேற. பத்தியம் ஒண்ணுதானுங்க" என்பாய்.

வம்பு முழுக்க நெற்றியில்தான் வந்தது. எங்கள் கோவில் பங்கில் அந்தக் காலத்தில் பெண்கள் பூ வைப்போம், வளையல் போடுவோம், பொட்டு மட்டும் வைக்க மாட்டோம். அது அஞ்ஞானிகளின் குறி என்று உபதேசியார் சின்ன வயசிலேயே காதில் ஓதி வைத்திருந்தார். உங்கள் பக்கத்திலோ வெறும் நெற்றிக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி உன் நாத்தனார் வளைகாப்பு வந்து சேர்ந்தது.

வளையல் தட்டை நான்தான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, "ஏம்புள்ள, நீ சித்த அக்கட்டால போயி நில்லு. நல்ல காரியம் நடக்குதல்ல?" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஏதோ இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நகர்ந்துகூட நின்றேன். நீ அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாய்.

"ஏனுங் பெரியம்மா, டீச்சருக்கு இன்னம் கண்ணாலமே ஆகலீங்க. கண்ணாலம் பண்ணி வெக்காமயே தாலியறுத்துப் போட்டீங்களே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியம்மா தட்டைத் திரும்ப என் கையிலேயே கொடுத்தாள். நானும் அந்த நிமிஷம் சிரித்தேன். ஆனால் சாயங்காலம் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் வயிற்றெரிச்சல் தொடங்கியது. எழுந்து உன்னிடம் வந்தேன். நீ வாசலில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய்.

"சரி. நான் நிஜமாகவே புருஷனைப் பறிகொடுத்தவளாக இருந்திருந்தால்? அப்போது அந்த அம்மா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னது சரியா?" என்று கேட்டேன்.

நீ என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது காலங்காலமா நடக்கறதுங் டீச்சர். நானொருத்தி என்ன பண்டறது?" என்றாய். எங்கள் மதத்தில் இந்த அநியாயம் எல்லாம் கிடையாது என்று நான் அன்றைக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். நீ எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று ஊட்டிக்கொண்டே இருந்தாய். ஒரு நாளும் என் நெற்றிக்குக் குங்குமத்தை நீட்டியதில்லை நீ. வீட்டுக்கு வந்த பெண்களுக்கெல்லாம் குங்குமமும் பூவும் கொடுப்பாய், எனக்குப் பூ மட்டும். "நான் வெச்சு உட்டு, நீங்க உங்க சாமியாருகிட்டத் திட்டு வாங்கவா?" என்று கேட்பாய்.

அப்புறம் எனக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஜங்ஷனில் ஃபிட்டர் வேலை. எங்களுக்குள் கலியாணப் பெண் பலிபீடத்துக்கு முன்னால் வெள்ளைச் சேலையும் வெள்ளை முக்காடுமாகத்தான் நிற்பாள். வெள்ளை என்றால் மாசில்லாதது. பட்டு எடுக்க அப்பாவுக்குக் கை எட்டாது. நூறாம் நம்பர் நூலில் நயமான பருத்திச் சேலை, கரையும் வெள்ளையாகவே, உங்கள் தறியிலேயே நெய்து வாங்கிவிடலாம் என்று அம்மா சந்தோஷமாக ஜலகண்டாபுரத்துக்குப் பஸ் ஏறி வந்தாள். எனக்கும் அது பெருமையாக இருந்தது. என் சிநேகிதி வீட்டுத் தறியில் என் கலியாணச் சேலை!

அம்மா வாயெடுத்ததும் உன் மாமியார் எழுந்து நின்றுவிட்டாள்.

"கண்ணாலப் பொண்ணுக்கு வெறும் வெள்ளையா? அடக் கருமமே! எழவு ஊட்டுக்கல்ல அது! கேக்கறதுக்கே காது கூசுது. என்ற ஊட்டுத் தறியில அந்தப் பாவத்த நெய்ய மாட்டமுங்க. நீங்க வேற ஊடு பாத்துக்கங்க."

அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. "நாங்கள் தேவமாதாவின் நிறத்தைக் கட்டுகிறோம். அதைப் பாவம் என்கிறவர்கள் வீட்டுத் தண்ணீர்கூட எங்களுக்கு வேண்டாம்" என்று சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் தூக்கினாள். ஒருத்திக்கு வெள்ளை எழவு, ஒருத்திக்கு வெள்ளை புனிதம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருத்தியாவது மற்றவளைப் பார்த்து, "உங்கள் பக்கத்தில் ஏனம்மா அப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கேட்டால் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீதான் குறுக்கே வந்து அம்மாவின் பையைப் பிடித்தாய். "நான் நெய்யறனுங்கம்மா. அத்தைக்கு ஆகலீன்னா அந்தத் தறிப் பக்கம் அவீங்க வர வேண்டாம்" என்றாய். தறிக்குழியிலிருந்து உன் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, "பாவு நான் ஓட்டித் தாரேன்" என்றார். அவர் அந்த வீட்டில் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் நீயே சேலையை எடுத்துக்கொண்டு, உன் வீட்டுக்காரரோடு சூரமங்கலம் வந்தாய். மடிப்புக் கலையாத வெள்ளை. எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மறுநாள் காலை எனக்கு உடுத்திவிட மடிப்பைப் பிரித்தவள் என் அத்தை. அப்பாவின் அக்கா. கலியாணமாகிச் சீக்கிரமே தாலியிழந்து, பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். கறுப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை, இடுப்பில் ஜெபமாலை. அவள் வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம்.

"சேசு மரி சூசையே!" என்று அவள் போட்ட சத்தத்தில் சமையல்கட்டே ஓடி வந்தது. "இதென்னடி, கரையோரம் குங்குமக் கலர்ல ஒரு நூலு ஓடுது! அஞ்ஞானி வேலையைப் பாத்தியா! இதக் கட்டிக்கிட்டா பலிபீடத்துக்கு முன்னால போய் நிக்கப் போறே? கத்தரிக்கோலைக் கொண்டாங்கடி!"

நீ வாசற்படியில் மல்லிகைச் சரத்தோடு நின்றுகொண்டிருந்தாய். எல்லோர் கண்ணும் உன்மேல் போயிற்று. அம்மா உன்னைக் காப்பாற்றுகிற மாதிரி, "தவறிப் போய் ஓடியிருக்கும், இல்லையாம்மா?" என்றாள். ஆமாங்க என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நீ சொல்லவில்லை.

"இல்லீங்கம்மா. வேணும்னுதானுங்க ஓட்டுனேன். வெறும் வெள்ளையக் கட்டி டீச்சர அனுப்ப என்ற மனசு ஒப்பலீங்க. ஒத்த இழைதானுங்க. மனுசங்க கண்ணுக்குத் தெரியாது. உங்க சாமி கண்ணுக்குத் தெரிஞ்சா, அவரு ஒண்ணுஞ் சொல்ல மாட்டாருங்க."

"எங்க சாமி என்ன சொல்லுவாருன்னு நீ சொல்றியா?" என்று அத்தை பாய்ந்தாள். உன் நெற்றியைப் பார்த்துக்கொண்டே, "கோவிலுக்குள்ள வர்றதுன்னா முதல்ல அதை அழிச்சிட்டு வா" என்றும் சொன்னாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை, எனக்காக மாமியாரோடு மல்லுக்கட்டி நெய்துகொண்டு வந்தவளை, என் வீட்டு வாசலிலேயே இப்படியா கேட்பது! கலியாணப் பெண் வாய் திறக்கக் கூடாது என்பார்கள். நான் திறந்தேன்.

"கட்டினால் இந்தச் சேலைதான். கத்தரிக்கோல் இதன்மேல் பட்டால் கலியாணமே வேண்டாம். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வாசித்த கலியாண ஓலையைச் சாமியார் திருப்பி எடுத்துக்கொள்ளட்டும். அவள் பொட்டோடுதான் கோவிலுக்கு வருவாள். என் பின்னால்தான் நிற்பாள்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் முதல் மணி அடித்துவிட்டது. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கரை இடுப்புக்குள் போகிற மாதிரி சேலையைத் தலைமாற்றிக் கட்டிவிட்டாள். அதனால் என்ன ஆயிற்று? பூசை முழுக்க உன் இழை என் இடுப்பைச் சுற்றித்தான் இருந்தது.

இன்னொன்றும் அன்றைக்குப் பார்த்தேன். சாமியார் தாலியை மந்திரித்து எடுத்தாரே, அந்த நேரத்தில் அத்தை எங்கே என்று கண்ணால் தேடினேன். முன்வரிசையில் இருந்தவள், யாரும் சொல்லாமலே எழுந்து போய், தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டிருந்தாள். எங்கள் மதத்தில் இந்த அநியாயம் எல்லாம் கிடையாது என்று உன்னிடம் பிரசங்கம் செய்தேனே, அந்தப் பிரசங்கம் அப்படியே என் தொண்டையில் நின்றுபோயிற்று. அத்தையை வளர்த்த வீடுதான் என்னையும் வளர்த்தது. அவளைத் தூணுக்குப் பின்னால் போ என்று யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தாலாவது அந்த ஆளோடு சண்டை போட்டிருக்கலாம்.

பூசை முடிந்து வெளியே வந்தால் நீ மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாய். என்ன என்றால், "மேளமில்ல, கொலவையில்ல, எல்லாரும் மண்டி போட்டுக் குனிஞ்சுக்கிட்டு, நடுவுல நீங்க வெள்ளச் சேலையில… என்ற வயிறே கலங்கிப் போச்சுங் டீச்சர்" என்கிறாய். அழுகையோடு அழுகையாக ஒரு ரயில்வே கார்டு வந்தார், சட்டைக்காரர் என்போமே, ஆங்கிலோ இந்தியர். என் வீட்டுக்காரரின் சிநேகிதர். விருந்தாளிகள் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டே வந்தவர், உன் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டார். உன் வீட்டுக்காரர் நடுங்கிப்போய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "கெணத்துக் கயித்த ஆட்டறாப்பல ஆட்டறாருங்க" என்று நீ சொல்லிச் சிரித்ததை, ஊருக்குப் போயும் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாயாம்.

அந்த நல்ல மனுஷனை, அறுபதுகளின் ஆரம்பத்தில், மஞ்சள் காமாலை கொண்டுபோயிற்று.

செய்தி தாமதமாகத்தான் எனக்கு வந்தது. அடக்கம் முடிந்துவிட்டது. காரியத்தன்றாவது போய்ச் சேரலாம் என்று கிளம்பினேன். கிளம்பும்போது பெட்டியைத் திறந்து என் கலியாணச் சேலையை எடுத்துப் பையில் வைத்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. உனக்கு வெள்ளை கட்டப்போகிறார்கள் என்பது மட்டும் தெரியும். எனக்கு வெறும் வெள்ளை கட்ட மனசு ஒப்பாதவளுக்கு அன்றைக்கு வெறும் வெள்ளை காத்திருந்தது. பஸ்ஸில் அந்தப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

எங்களுக்கு நல்லதுக்கும் வெள்ளை, கெட்டதுக்கும் வெள்ளை. துக்க வீடு என்று நானும் பூவும் வளையலும் இல்லாமல் வெள்ளைதான் உடுத்தியிருந்தேன். தாலிச் சங்கிலி ரவிக்கைக்குள் கிடந்தது. உன் மாமியார் மகனைப் பறிகொடுத்து உள்ளறையில் சுருண்டு கிடந்தாள், உன் நாத்தனார் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். காரியங்களை எல்லாம் எருமப்பட்டியிலிருந்து வந்திருந்த உன் வீட்டுக்காரரின் சித்தி கையில் எடுத்துக்கொண்டிருந்தாள். உன்னை நடுவில் உட்கார வைத்து, வெள்ளைச் சேலைக்காரிகள் நாலைந்து பேர் சுற்றி நின்று, எனக்கு எழுதக் கை வரவில்லை, வளையலை நொறுக்கினார்கள், பூவை எடுத்தார்கள், நெற்றியைத் துடைத்தார்கள். தாலியோடு இருந்த கட்டுக்கழுத்திகள் எல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார்கள். உன் தாயோடு பிறந்தவள்கூடத் திரும்பித்தான் நின்றாள். அரைமணி முன்னால் உன்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தவர்கள்! நீ என்ன பாவம் செய்தாய்? அவர் காமாலையில் போனதற்கு நீயா ஜவாப்தாரி?

நான் சுவரோரம் நின்று கொதித்துக்கொண்டிருந்தேன். எருமப்பட்டிச் சித்தியின் கண் என்மேல் விழுந்தது. வெறும் நெற்றி. வெள்ளைச் சேலை.

"ஏம்மா, நீயும் எங்களாட்டத்தானே? அங்க என்னத்துக்கு நிக்கறே? வா. இந்தா, கோடியப் புடி. புள்ளையக் கூட்டிப்போயித் தண்ணி ஊத்தி இதக் கட்டி உடு."

பிறந்த வீட்டார் கொண்டுவந்த வெள்ளைக் கோடியை என் கையில் வைத்துவிட்டாள். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். நான் கட்டுக்கழுத்தி என்று ஒரு வார்த்தை நீ சொன்னால் போதும், என்னை விரட்டிவிடுவார்கள். நான் சொன்னாலும் அப்படியே. நான் சொல்லவில்லை. வளைகாப்பில் எந்த நெற்றிக்காக என்னை அக்கட்டால போகச் சொன்னார்களோ, அந்த நெற்றிக்காகவே இன்றைக்கு உன் பக்கத்தில் போகச் சொல்கிறார்கள். நல்லது. வருகிறேன். பையையும் எடுத்துக்கொண்டு உன்னைக் கைத்தாங்கலாகப் பின்புறத்தில் ஓலைத் தடுக்கு கட்டிய குளிக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனேன்.

ஓலைப்படலைச் சாத்தியதும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அத்தனை நேரம் வாய் திறக்காதவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "டீச்சர், நீங்க இதயெல்லாம் தொடக் கூடாதுங்க. உங்க ஊட்டுக்காரருக்கு ஆகாதுங்க. வெளிய போயி ஆராச்சியும் வரச் சொல்லுங்க."

உன் வீட்டுக்காரர் போன துக்கத்தில் என் வீட்டுக்காரருக்காகப் பயந்தாய். எனக்கு அங்கேயே ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. "வாயை மூடு" என்றேன். "என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது. அப்படி ஏதாவது ஆனால் நான் பார்த்துக்கொள்கிறேன்."

தண்ணீர் ஊற்றினேன். தலை துவட்டினேன். அந்தக் கோடியைச் சுருட்டிப் பையில் திணித்துவிட்டு, என் கலியாணச் சேலையை எடுத்தேன். வெள்ளைக்கு வெள்ளை. பருத்திக்குப் பருத்தி. உனக்கு முதலில் தெரியவில்லை. கொசுவம் வைக்கக் கரையைக் கையில் கொடுத்தபோதுதான் உன் விரல் நின்றது. அந்த இழையை ஓட்டிய விரலுக்குத் தெரியாதா?

"இது… என்றதுங் டீச்சர்" என்றாய்.

"உன்னதுதான். பேசாமல் கட்டு" என்றேன். அத்தை எனக்குச் செய்த மாதிரியே, அந்தக் கரை இடுப்புக்குள் போகும்படி கட்டிவிட்டேன். அப்போதுதான் நீ அழுதாய். அன்றைக்கு ஊருக்காக அழுத அழுகை வேறு, அந்தத் தடுக்குக்குள் என் தோளில் அழுத அழுகை வேறு. வெளியே கூட்டிவந்தேன். எருமப்பட்டிச் சித்தி மேலும் கீழும் பார்த்து, "ம், சரி" என்றாள். அவளுக்கு வெள்ளை வேண்டும், வெள்ளை இருந்தது. அந்தக் கோடியை வீட்டுக்குக் கொண்டுவந்து நார் நாராகக் கிழித்தேன். என் வீட்டுக்காரர் அதைக் கொண்டு சைக்கிள் துடைத்தார். அதற்கப்புறமும் எத்தனையோ வருஷம் கல்லுக்குண்டு மாதிரி இருந்து, குழம்பில் புளி ஏறிவிட்டது என்று தினமும் குறை சொல்லிவிட்டுத்தான் போனார்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு ஒருமுறை வந்தபோது, "இந்த வெள்ளையைத் தூக்கி எறி, பொட்டு வை, உன்னை யார் என்ன செய்துவிடுவார்கள்?" என்று தொண்டை வற்றக் கத்தினேன். நீ உன் வீட்டுக்காரருக்குப் பதிலாகத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்திருந்தாய். நெசவை நிறுத்தாமலே சொன்னாய்: "ஊரு பூராத்தையும் பகைச்சுக்கிட்டு எம்புள்ளைய எங்கீங்க கட்டிக் குடுப்பேன்? எனக்கு ஒத்த இழை போதுமுங் டீச்சர். முழுச் செகப்பு அவளுக்கு ஆகட்டும்." போதுமாம்! எப்படிப் போதும்? எவன் அளந்து வைத்தான் உனக்கு ஒரு இழை என்று? அன்றைக்குக் காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

என் மூத்தவளுக்குப் புதுநன்மை, அதுதான் முதல் நற்கருணை, கொடுத்தபோது நீ சூரமங்கலம் வந்தாய். அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தாய். அங்கே பார்த்தால் ஒரே வெள்ளை. குழந்தைகளுக்கு வெள்ளைக் கவுன், தலையில் வெள்ளைப் பூ முடி. நீ வாயில் கைவைத்து நின்றாய். "இத்தன வெள்ளையும் சிரிச்சுக்கிட்டுத் திரியுதுங்களே டீச்சர்!" என்றாய். அப்படி ஓர் ஆச்சரியம் உன் முகத்தில்.

சாப்பாட்டுக்குப் பாய் விரித்தபோது, நீ பழக்க தோஷத்தில் ஓரமாக ஒதுங்கி நின்றாய். அத்தை அங்கேதான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பார்வை மங்கி, கொஞ்சம் கூன் விழுந்திருந்தாள். உன்னைக் கிட்டக் கூப்பிட்டாள். கிழவி என்ன சொல்லித் தொலைக்கப் போகிறாளோ என்று கையில் இருந்த சாம்பார் வாளியோடு ஓடி வந்தேன். அத்தை உன் முந்தானையைப் பிடித்துக் கண்ணுக்கருகில் கொண்டுபோனாள். கரையோரமாகவே விரலை ஓட்டிக்கொண்டு போனாள்.

"இன்னும் சாயம் போகலையேடி" என்றாள்.

"போகாதுங்கத்தை. கெட்டிச் சாயமுங்க."

அத்தை கொஞ்சம் நகர்ந்து, தன் பாயில் உனக்கு இடம் விட்டாள். அந்த விரல் மட்டும் சாப்பாடு வருகிறவரைக்கும் கரையை விடவே இல்லை. நான் இரண்டு பேருக்கும் பரிமாறினேன். அத்தை ஜெபம் சொல்லி முடிக்கிறவரைக்கும் நீ சோற்றில் கை வைக்காமல் காத்திருந்தாய்.

நீ போன பிறகு உன் மகள் ஒரு துணிப்பையோடு என்னைத் தேடி வந்தாள். பளிச்சென்று பொட்டு, அரக்குச் சேலை. "அம்மா இத உங்ககிட்டக் குடுத்தரச் சொன்னாங்க" என்று வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு அந்த இழை தெரியுமோ தெரியாதோ, நான் கேட்கவில்லை. தேய்ந்து மல் துணி மாதிரி ஆகியிருந்தது சேலை. இழை மட்டும் நேற்று ஓட்டினது போல இருந்தது.

இன்றைக்கும் ஆட்கள் மாறிவிடவில்லை. கலியாண வீட்டில் எவளாவது, "அவங்க பழக்கமெல்லாம் அப்படித்தாங்க, நம்மளாட்டம் வருமா?" என்று ஆரம்பித்தால் எனக்குக் காது சூடேறுகிறது. அவங்க என்றால் யார், நம்ம என்றால் யார் என்று சண்டைக்குப் போகிறேன். இந்தக் கிழவியை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று என் பிள்ளைகளுக்கே சங்கடம்.

சேலையை நானே வீட்டில் அலசிக் கஞ்சி போட்டுவிட்டேன். இதோ கொடியில் காய்கிறது. மருமகளைக் கூப்பிட்டுச் சொல்லியும் வைத்துவிட்டேன்: என்னைப் பெட்டியில் வைக்கிற அன்றைக்கு இதைத்தான் உடுத்த வேண்டும், சிவப்பு இழை ஓடுகிற கரை இடுப்புக்குள் போகட்டும், யாராவது கத்தரிக்கோலை எடுத்தால் எழுந்து உட்காருவேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். எங்கள் முறைப்படி சுத்த வெள்ளையில் போகிறாள் என்று கோவிலில் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.